சுகர் 'பார்டர்ல' இருப்பவருக்குத் துணை நிற்பது எப்படி: மதுரையில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் எந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வெளியே பத்து நிமிடம் நின்றாலும் ஒரு வார்த்தை காதில் விழும்: "பார்டர்ல இருக்காம்." சுகர் பார்டர்ல இருக்கு, பிரஷர் பார்டர்ல இருக்கு, கொழுப்பு பார்டர்ல இருக்கு. சொல்கிறவர் முகத்தில் பாதி நிம்மதியும் பாதி பயமும் இருக்கும். "சாப்பாட்டைக் குறைங்க, நடங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று டாக்டர் சொல்லியிருப்பார். வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருக்கும்போது அவரால் அதற்கு மேல் பேச முடியாது. எதைக் குறைப்பது, எத்தனை மணிக்கு நடப்பது, வீட்டில் சமைக்கிறவரிடம் எப்படிச் சொல்வது என்று எதுவும் தெரியாமலேயே அந்த மனிதர் பஸ் ஏறிவிடுகிறார்.

அந்த மூன்று மாதத்தில் அவர் கூடவே இருக்கிற ஆளைத்தான் ஹெல்த் கோச் என்கிறார்கள். நான் நலத்துணை என்று சொல்வேன். பத்தொன்பது வருடம் நர்ஸாக வேலை பார்த்தேன், கடைசி ஏழு வருடமாக இதைச் செய்கிறேன். நர்ஸ் படித்தவர்கள், மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கும் பெண்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று பலர் இப்போது இதில் இறங்க ஆசைப்படுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி. நம் வேலை இந்த இரண்டாவது கூட்டத்தோடுதான். இவர்களுக்கு எதுவும் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால், சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லுங்கள். எல்லைக் கோட்டில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் கேட்டுப் போனவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொள்ளத் தொடர்ந்து துணை கிடைத்தவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் ஏறக்குறைய இதே அளவுதான். அந்த 39 பேரையும் மறந்துவிடாதீர்கள். கடைசியில் அவர்களிடம் திரும்பி வருவேன்.

எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

நாம் மாத்திரை எழுதக் கூடாது, கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, நிறுத்தச் சொல்லக் கூடாது. "சுகர் நார்மல் ஆயிருச்சு சிஸ்டர், மாத்திரைய விட்டுரலாமா?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். "மாத்திரை போட்டதால்தான் நார்மல் ஆகியிருக்கலாம். இந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போய் இதே கேள்வியைக் கேளுங்க, நானும் வர்றேன்" என்பதுதான் நம் பதில். ஆவாரம்பூ, சிறியாநங்கை, பாகற்காய்ச் சாறு என்று யாராவது குடித்துவந்தால் திட்டாதீர்கள். மாத்திரைக்குப் பதிலாகக் குடிக்கிறாரா, கூடவே குடிக்கிறாரா என்று மட்டும் கேட்டு, டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ரகசியம். ஒருவருக்குச் சுகர் இருப்பது தெருவுக்குத் தெரிந்தால் மகளுக்கு வரன் பார்க்கும் இடத்தில் பேச்சு வரும் என்று பயப்படும் தாய்மார்கள் இங்கே நிறைய. பக்கத்து வீட்டு மதினி "அவளுக்கு எத்தனை சுகர்?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்பார். வாய் திறக்காதீர்கள். ஒரு முறை திறந்தால் அந்தத் தெருவில் அதற்கப்புறம் யாரும் உங்களிடம் உண்மை சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவது, உங்கள் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அங்கிருக்கும் நர்ஸிடம் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். 30 வயதைத் தாண்டியவர்களுக்கு அங்கே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலப் பெண்கள் உங்கள் தெருவுக்கும் வருவார்கள். அவர்கள் நமக்குப் போட்டி இல்லை. எந்த வீட்டில் மாத்திரை டப்பா பிரிக்கப்படாமலே இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

படி 1: ஒரு டேப், நாலு கேள்வி

தையல்காரர் வைத்திருக்கும் அளவு டேப் ஒன்று வாங்குங்கள். நம் தொழிலில் முதல் கருவி அதுதான். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழு 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணுக்கு ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம். நாலே விஷயங்கள் தெரிந்தால் போதும்.

வயது 35-க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, ஐம்பதும் அதற்கு மேலும் 30. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ.க்குக் கீழ் 0, 90 முதல் 99 வரை 10, நூறும் அதற்கு மேலும் 20. பெண்களுக்கு இந்த எல்லைகள் 80, 90. உடற்பயிற்சி, கடினமான உடல் உழைப்பு இரண்டும் இருந்தால் 0, ஏதாவது ஒன்று இருந்தால் 20, இரண்டும் இல்லாமல் உட்கார்ந்தே வேலை பார்த்தால் 30. தாய், தந்தையில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. எல்லாவற்றையும் கூட்டுங்கள். 60-ம் அதற்கு மேலும் வந்தால் அபாயம் அதிகம், உடனே பரிசோதனை தேவை.

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் 48 வயதுக்காரரை எடுத்துக்கொள்வோம். இடுப்பு 97 செ.மீ., நாள் முழுக்க நாற்காலி, அம்மாவுக்குச் சுகர். 20, 10, 30, 10 என்று கூட்டினால் 70. இந்த 70-ஐ அவர் கண் முன்னால் தாளில் எழுதிக் காட்டுங்கள். வயதும் அம்மாவும் சேர்ந்த 30 அவர் கையில் இல்லை. மீதி 40 அவர் கையில் இருக்கிறது. தினமும் நடந்து, இடுப்பு 90-க்குக் கீழ் வந்தால் அவர் மதிப்பெண் 50. இதைக் காட்டும்போது பலரும் தலை நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். "எல்லாம் பரம்பரை, நம்ம கையில என்ன இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான் அவர்கள்.

இடுப்பை வேட்டி கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. விலா எலும்பின் கடைசிக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின், டேப் தோலை அழுத்தாமல் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள், ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளந்தால் சரியாக வரும். பெண்களைப் பெண்கள் அளப்பதே நல்லது.

இந்த மதிப்பெண் நோயைச் சொல்லாது, யாரைப் பரிசோதனைக்கு அனுப்புவது என்பதை மட்டும் சொல்லும். ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தாலோ, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தாலோ, அதுதான் ஜனங்கள் சொல்லும் பார்டர். வெறும் வயிற்றில் 126, எச்பிஏ1சி 6.5 தொட்டால் சர்க்கரை நோயாக இருக்கலாம், டாக்டர்தான் உறுதி செய்ய வேண்டும்.

ரத்த அழுத்தம் பார்க்கும்போது அவசரம் கூடாது. மாடி ஏறி வந்தவரை, டீ குடித்தவரை, பீடி பிடித்தவரை உடனே பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும். அரை மணி நேரம் கழியட்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய உட்காரவைத்து, கையை நெஞ்சு உயரத்தில் தாங்கிப் பிடித்து, இரண்டு முறை பாருங்கள். வெவ்வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரிடம் அனுப்புங்கள். இதயத்துக்கு இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. புகையிலை எந்த வடிவிலாவது இருக்கிறதா, வெற்றிலையோடு போடுவது உட்பட? அப்பாவோ அண்ணன் தம்பியோ 55 வயதுக்குள், அம்மாவோ அக்கா தங்கையோ 65 வயதுக்குள் மாரடைப்பைச் சந்தித்தார்களா?

படி 2: ஒரு நாளைச் சொல்லச் சொல்லுங்கள்

முதல் சந்திப்பில் அறிவுரை வேண்டாம். ஒன்றுகூட வேண்டாம். இதுதான் புதியவர்களுக்குக் கஷ்டமான படி, எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் வருடத்தில் நான் அச்சடித்த உணவுப் பட்டியல் ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், ப்ரோக்கோலி எல்லாம் அதில் இருக்கும். செல்லூரில் ஒரு அக்கா வீட்டுக்கு மூன்று மாதம் கழித்துப் போனபோது அந்தத் தாள் மசாலா டப்பாக்களுக்கு அடியில் விரிக்கப்பட்டிருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தத் தாளில் அவர் வீடு இல்லை, அவர் அடுப்பு இல்லை, அவர் சம்பளம் இல்லை. அன்றோடு பட்டியல் கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: "நேத்து காலைல எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் என்னென்ன நடந்துச்சு, சும்மா சொல்லுங்க." சாப்பாட்டை மட்டும் கேட்டால் பரீட்சை எழுதுவதுபோல் நல்லதாகச் சொல்வார்கள். முழு நாளையும் கேட்டால் உண்மை தானாக வரும். ஆரப்பாளையத்தில் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர், "ரெண்டே ரெண்டு டீ தேன்க்கா" என்று அடித்துச் சொன்னார். நாளைச் சொல்ல ஆரம்பித்ததும், விடியற்காலை ஸ்டாண்டில் ஒன்று, பள்ளிச் சவாரி முடித்து ஒன்று, பதினொரு மணிக்கு வடையோடு ஒன்று, மூன்று மணிக்குத் தூக்கம் வராமலிருக்க ஒன்று, சாயங்காலம் கூட்டாளிகளோடு ஒன்று, ராத்திரி வண்டியைப் போடும் முன் ஒன்று என்று ஆறு வந்தது. டீக்கு இரண்டு ஸ்பூன் சீனி என்றாலும் பன்னிரண்டு ஸ்பூன், ஏறக்குறைய ஐம்பது கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது.

அந்த இடத்தில் "பார்த்தீங்களா, மாட்டிக்கிட்டீங்க" என்கிற முகத்தைக் காட்டிவிடாதீர்கள். அவரே விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து, "ஆறாக்கா?" என்றார். "ஆமா தம்பி" என்றேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் அவரே பேசினார். அந்த ஆறு டீயில் நாலு பசிக்காகக் குடித்தவை. காலையில் சாப்பிடாமல் வண்டி எடுக்கிறார். சீனியைப் பற்றி நான் பிரசங்கம் செய்திருந்தால் அந்தப் பசி எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

தூக்கத்தையும் கேளுங்கள், கடனையும் கேளுங்கள், நேரடியாக இல்லாவிட்டாலும். ராத்திரி ஒரு மணிக்குக் கடை மூடுகிறவர், பூ மார்க்கெட்டுக்காக அதிகாலை மூன்று மணிக்கு எழுகிறவர் நிறைந்த ஊர் இது. தூக்கம் கெட்டவருக்குப் பசியும் கட்டுக்குள் இருக்காது, சர்க்கரையும் இருக்காது.

படி 3: ஒன்றே ஒன்று

இரண்டாவது சந்திப்பில் "இதுல எதை முதல்ல மாத்தலாம்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்களுக்குச் சின்னதாகத் தெரிந்தாலும் அதையே எடுங்கள். அப்புறம் ஒரு கேள்வி: "இதைச் செஞ்சிருவேன்னு பத்துக்கு எத்தனை நம்பிக்கை இருக்கு?" ஏழுக்குக் கீழே சொன்னால் மாற்றத்தை இன்னும் சின்னதாக்குங்கள். 'தினமும் ஒரு மணி நேரம் நடை'க்கு நாலு மார்க் கொடுப்பவர், 'ராத்திரி சாப்பிட்டதும் தெரு முனை வரை போய் வருவது'க்கு ஒன்பது கொடுப்பார். ஒன்பது கிடைத்ததில் தொடங்குங்கள்.

அந்த ஆட்டோக்காரத் தம்பி தேர்ந்தெடுத்தது, வீட்டிலிருந்து கிளம்பும் முன் இரண்டு இட்லியும் ஒரு அவித்த முட்டையும். சீனியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. மூன்று வாரத்தில் டீ தானாக மூன்றாகக் குறைந்தது.

மாற்றத்தை ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தோடு முடிச்சுப் போடுங்கள். 'நேரம் கிடைக்கும்போது' என்று சொன்னால் நேரம் கிடைக்காது. 'சாமி கும்பிட்டதும்', 'பிள்ளையை ஸ்கூலில் விட்டதும்' என்று இருக்க வேண்டும்.

படி 4: தட்டும் அடுப்பும்

சமைக்கிறவரைப் பார்க்காமல் சாப்பாட்டைப் பற்றிப் பேசாதீர்கள். கணவருக்குத்தான் பார்டர் என்றாலும் அடுப்பங்கரையில் இருக்கும் அண்ணியோடு உட்காருங்கள். தனிச் சமையல் எந்த வீட்டிலும் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்பதில்லை, முழு வீட்டுக்கும் ஒரே குழம்புதான் நிற்கும். இன்னொன்று, எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சம் வீணாகக் கூடாது என்று சோற்றை வழித்துச் சாப்பிடுகிறவர் அந்த அண்ணிதான். பல வீடுகளில் கணவருக்காகப் போய் மனைவியின் இடுப்பை அளந்தபோது அவர் மதிப்பெண் கூடுதலாக இருந்திருக்கிறது.

தட்டைக் கண்ணால் நாலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பாதி காய், கீரை. கால் பங்கு பயறோ முட்டையோ மீனோ கறியோ. மீதிக் கால் பங்கு சோறு. நம் தட்டு இப்போது தலைகீழாக இருக்கிறது, முக்கால் சோறும் ஓரத்தில் ஒரு கரண்டி பொரியலும். ஒரே நாளில் திருப்பச் சொன்னால் பசியில் மயங்குவார்கள். வாரத்துக்கு ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி காயைக் கூட்டுங்கள். காயையும் பயறையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சாப்பிட்டபின் சர்க்கரை ஏறுவது குறைகிறது. செலவில்லாத மாற்றம் இது.

விலை உயர்ந்ததைச் சொல்லாதீர்கள். முருங்கைக்கீரை பக்கத்து வீட்டு மரத்திலேயே இருக்கும். சுரைக்காய், பீர்க்கங்காய், கொத்தவரங்காய், மொச்சை, தட்டப்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலை, மத்தி மீன், கண்மாய்க் கெளுத்தி எல்லாம் நல்ல சாப்பாடு. வறுக்காமல் குழம்பாக வைத்தால் இன்னும் நல்லது. எண்ணெய்க்கு ஒரு எளிய வழி, மாதம் பிறந்ததும் ஆளுக்கு அரை லிட்டர் கணக்கில் அளந்து தனிப் பாத்திரத்தில் ஊற்றி வைப்பது. இருபதாம் தேதிக்கே தீர்ந்தால் எங்கே போனது என்று அவர்களே பேசுவார்கள்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சின்ன ஸ்பூன், அதற்குள் எல்லாமே அடங்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், வத்தல், கருவாடு நாலும் ஒரே நாளில் தட்டுக்கு வந்தால் அழுத்த மாத்திரை என்ன செய்யும்?

சில நம்பிக்கைகளை மெதுவாகத் திருத்த வேண்டியிருக்கும். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் ஏறும். கேப்பை நல்ல தானியம், ஆனால் நைஸாக அரைத்துக் கூழாகவோ களியாகவோ வயிறு முட்டச் சாப்பிட்டால் அதுவும் சர்க்கரையை வேகமாக ஏற்றும். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் களி தின்று நூறு வயது இருந்தார்கள் என்றால், களிக்குப் பின் அவர்கள் காட்டில் செய்த வேலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராத்திரி சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்று மாற்றி ஐந்து சப்பாத்தி சாப்பிடுவதில் பலனில்லை. கொய்யாவைக் கடித்துச் சாப்பிடலாம், பழச்சாறு வேண்டாம்.

இப்போது பரோட்டா. மதுரைக்காரரிடம் பரோட்டாவை விடு என்று சொல்கிற நலத்துணையை இரண்டாவது முறை வீட்டுக்குள் விட மாட்டார்கள், அதில் அவர்கள் மேல் தப்பில்லை. ராத்திரி வேலை முடித்துவருகிறவருக்குத் திறந்திருப்பது அந்தக் கடை ஒன்றுதான். மூன்று பரோட்டா, மூன்று முறை சால்னா என்பதை ஒரு பரோட்டா, இரண்டு முட்டை ஆம்லெட், நிறைய வெங்காயம் என்று மாற்றிக்கொண்டவர்கள் எனக்குத் தெரியும். வாரத்தில் ஐந்து நாளை இரண்டு நாளாக்கியவர்களும் உண்டு. ஜிகர்தண்டாவும் அப்படித்தான். பாலும் பாதாம் பிசினும் இருக்கட்டும், நன்னாரி சிரப்பிலும் ஐஸ்கிரீமிலும் இருக்கும் சர்க்கரையை நினைத்து, மாதம் ஒரு முறை, ஒரு கிளாஸை இருவர் பகிர்ந்து சாப்பிட ஒப்புக்கொள்வார்கள்.

கெடா வெட்டு, காது குத்து, கல்யாணம் என்று அழைப்பு வரும். போக வேண்டாம் என்று சொல்லவே கூடாது, அங்கே போகாவிட்டால் உறவு போய்விடும். கறியைச் சாப்பிட்டு, சோற்றை ஒரு தடவையோடு நிறுத்தி, சாயங்காலம் கொஞ்சம் கூடுதலாக நடக்கும்படி முன்னாடியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். விரதமோ ரமலான் நோன்போ இருக்க நினைப்பவர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் அனுப்புங்கள்.

படி 5: நடை

இலக்கு வாரம் 150 நிமிடம். பேச முடியும், ஆனால் பாட முடியாது, அந்த வேகம். தெப்பக்குளத்தை வெளியே ஒரு சுற்றுச் சுற்றினால் ஒன்றேகால் கிலோமீட்டர் அளவுக்கு வரும். இரண்டு சுற்றில் அன்றைய கணக்கு முடிந்தது. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலையில் கூட்டமாக நடப்பார்கள், அங்கே தனியாகப் போகிறவருக்குக்கூடத் துணை கிடைக்கும். கிராமத்தில் கண்மாய்க்கரை இருக்கிறது. சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்கு முன்னாலோ மாலை ஆறுக்கு மேலோ மட்டும்.

வெளியே நடக்க முடியாத பெண்கள் நிறையப் பேர். தெரு விளக்கு இல்லை, நாய்த் தொல்லை, மாமியார் என்ன சொல்வாரோ என்ற தயக்கம். இரண்டு மூன்று பேரைச் சேர்த்துவிடுங்கள், அல்லது மொட்டை மாடி. எதுவும் முடியாவிட்டால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம். சாப்பிட்டதும் நடக்கும் அந்தப் பத்து நிமிடம் சர்க்கரைக்கு நல்லது. நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்தாக வாரம் இரண்டு நாள் செய்தால் தொடைத் தசைக்கு வலு ஏறும். சர்க்கரையை அதிகம் எடுத்துக்கொள்ளும் இடம் அந்தத் தசைதான்.

மூட்டை தூக்குகிறவரிடமும் களை எடுத்து வந்தவரிடமும் நடக்கச் சொல்லாதீர்கள். அவர்களுக்குத் தேவை ஓய்வும் சத்தான சாப்பாடும் புகையிலையை விடுவதும்தான். விட நினைப்பவருக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. முதல் அழைப்பைப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே போட்டுக் கொடுங்கள்.

படி 6: இரண்டாவது மாதம்

முதல் மாதம் எல்லோரும் நன்றாகச் செய்வார்கள். விட்டுப்போவது இரண்டாவது மாதத்தில்தான். ஒரு வாரம் மழை, ஒரு வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல், அதற்கப்புறம் உங்கள் போனை எடுக்க மாட்டார்கள். வெட்கம்தான் காரணம். அந்த நேரத்தில் "ஏன் நடக்கலை?" என்று கேட்டு மெசேஜ் போட்டால் ஆள் போய்விடுவார். "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து திரும்பி வந்தவர்கள் எல்லாம் இப்படிக் கேட்டதால் வந்தவர்கள்.

முதல் மாதம் வாரம் ஒரு முறை, அப்புறம் மாதம் இரண்டு முறை, ஆறு மாதத்துக்குப் பின் மாதம் ஒரு முறை என்று பேசுங்கள். நேரில்தான் போக வேண்டும் என்பதில்லை. வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரிடம் நடத்தி 2013-இல் வெளிவந்த ஆய்வில், போனில் குறுஞ்செய்தி வந்துகொண்டிருந்தவர்களில் இரண்டு ஆண்டில் 18 சதவீதம் பேருக்கும், வராதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்தது. இன்று வாட்ஸ்அப்பில் உங்கள் குரலிலேயே அரை நிமிடம் பேசி அனுப்பலாம். படிக்கத் தெரியாதவருக்கும் அது போய்ச் சேரும்.

ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். தேதி, எடை, இடுப்பு, அழுத்தம், இந்த வாரத்தின் ஒரே ஒரு மாற்றம், அது எத்தனை நாள் நடந்தது. இதற்கு மேல் வேண்டாம். எடை வாரம் ஒரு முறை, இடுப்பு மாதம் ஒரு முறை. எச்பிஏ1சி மூன்று மாதத்துக்கு முன்னால் திரும்பப் பார்ப்பதில் பயனில்லை, சிவப்பணுக்களின் ஆயுளே ஏறக்குறைய 120 நாள்தான். பார்டரில் இருப்பவர் தினமும் விரலைக் குத்திப் பார்க்க வேண்டியதில்லை, பயம்தான் கூடும்.

தொடக்கத்தில் பத்துப் பேருக்கு மேல் எடுக்காதீர்கள். பதினோராவது ஆள் வந்தால் பத்துப் பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது உங்களுக்குத் தெரியாமல் போகும்.

உடனே ஓட வேண்டிய நேரங்கள்

நெஞ்சில் இறுக்கம், பாரம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத் திணறல். இதில் எது வந்தாலும் 108. 'கேஸ் டிரபிள்' என்று சோடா குடித்துக் காத்திருந்து போன உயிர்கள் அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் அசதியும் வியர்வையுமாக வரலாம். இதயம் காப்போம் திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை டாக்டர் ஆலோசனையோடு கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறுதல் பக்கவாதம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் நடுங்கி, வியர்த்து, குழம்பிப் பேசினால் சர்க்கரை குறைந்திருக்கலாம். நினைவோடு இருந்தால் மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நடக்கும்போது நெஞ்சு வலித்து, நின்றால் விடுகிறது என்று யாராவது சொன்னால் அன்றோடு நடையை நிறுத்தி டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

ஒரு வருடம் ஆனபின்

ஒரு வருடம் முடிந்ததும் எல்லாப் பரிசோதனையும் திரும்ப எடுங்கள். நார்மலுக்கு வந்தவரிடம் வருடம் ஒரு முறை பார்க்கச் சொல்லி, நோட்டை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

அந்த 39 பேருக்கு வருவோம். சொன்னதை எல்லாம் செய்தும் சிலருக்குச் சர்க்கரை நோய் வந்துவிடும். என் பத்துப் பேரிலும் வந்திருக்கிறது. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் ஏமாத்தலை சிஸ்டர், எல்லாம் செஞ்சேன்" என்று ஒரு பெரியம்மா அழுதார். அவர் செய்தது எனக்குத் தெரியும், நோட்டில் இருந்தது. இடுப்பு ஆறு செ.மீ. குறைந்திருந்தது, அழுத்தம் இறங்கியிருந்தது. அவர் நடந்த நடை வீண் போகவில்லை, இதயத்துக்கு அது அப்படியே சேர்ந்திருக்கிறது. இதை அவரிடம் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினேன்.

அப்படிப்பட்டவரை "இனிமே டாக்டர் பார்த்துக்குவார்" என்று விட்டுவிடாதீர்கள். முதல் தடவை டாக்டரிடம் போகும்போது கூடப் போங்கள், நோட்டையும் எடுத்துப் போங்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டு அவர் மொழியில் எழுதிக் கொடுங்கள். அதே மாதத்தில் கண்ணின் விழித்திரையைப் பார்க்க அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கோ அரசு பெரிய ஆஸ்பத்திரிக்கோ நாள் குறியுங்கள், அதை வருடா வருடம் பார்க்க வேண்டும். சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு காலையும் விரல் இடுக்கு வரை பார்த்து, ராத்திரி படுக்கும் முன் தினமும் அப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். அடுத்த வாரம் எந்தக் கிழமை போன் பண்ணுவீர்கள் என்பதை அவர் நோட்டிலேயே எழுதிவிட்டு வாருங்கள்.